வீட்டில் செய்ததைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போடுவதால் பிள்ளைக்கு என்ன பயன்?

கேள்வி இது: "தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. காற்று மாசுக்காகப் பள்ளியை மூடும்போதெல்லாம், தினமும் வீட்டில் ஒரு செயல்பாடு செய்து படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். லாக்டவுனில் மூத்தவனுக்கும் இதே கூத்துதான் நடந்தது. இதில் பிள்ளைகள் உண்மையிலேயே எதையாவது கற்கிறார்களா, இல்லை இது பெற்றோருக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடமா?"

இரண்டும்தான். எது எவ்வளவு என்பது, படம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளை தான் செய்ததை இன்னொருவருக்குச் சொல்கிறது, கேட்டவர் பதிலுக்கு ஏதோ கேட்கிறார், பிள்ளை யோசித்து மறுபடி சொல்கிறது என்றால் அங்கே படிப்பு நடக்கிறது. படம் மட்டும் போய்ச் சேர்ந்து, கீழே ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தால் அது வருகைப் பதிவேடு. தில்லியில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். லாக்டவுன் தொடங்கி இன்றுவரை இந்த இரண்டு வகையையும் ஏராளமாகப் பார்த்தாயிற்று. உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டிய விஷயமும் இல்லை இது.

முதலில், இந்தப் பழக்கம் ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம். தில்லியில் தொடக்கப் பள்ளிகள் நாடு தழுவிய ஊரடங்குக்கு முன்னாலேயே, 2020 மார்ச் 6-ம் தேதியே மூடிவிட்டன. சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மாசு என்று மறுபடி மூடினார்கள். மாதக் கடைசியில் திறந்து, டிசம்பர் தொடக்கத்தில் மூடி, அதற்குள் ஒமிக்ரான் வந்து, கடைசியில் 2022 பிப்ரவரி 14-ல்தான் சின்னப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அதாவது 2020 ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பு முடியப் போகிற நேரத்தில்தான் சேர்ந்தாற்போல் சில வாரங்கள் பெஞ்சில் உட்கார்ந்தது. உங்கள் மூத்த மகனும் ஏறக்குறைய அந்த வயதுக்காரனாகத்தான் இருப்பான்.

அந்தக் காலத்தில் மேலிருந்து வந்த வழிகாட்டுதல்கள் மோசமானவை அல்ல. பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2020 ஏப்ரலில் தொடக்க வகுப்புகளுக்கென்று மாற்றுக் கல்வி நாட்காட்டி ஒன்றை வெளியிட்டது. வீட்டில் இருக்கிற பொருளை வைத்து வாரவாரம் என்ன செய்யலாம் என்று அதில் இருந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளை மறக்காமல், சாதாரண அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் ஆசிரியர் வழிகாட்டலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஜூலையில் மத்திய அரசின் 'பிரக்யதா' வழிகாட்டி வந்தது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஆன்லைன் அமர்வுகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் போதும் என்றது அது. சரி, மீதி நேரம்? அதற்குத்தான் வீட்டுச் செயல்பாடு.

எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது. கெடுத்தது எது என்றால், "நடந்ததா" என்ற கேள்வி. ஆசிரியர் வேலை செய்கிறாரா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம், கட்டுகிற ஃபீஸுக்குப் பாடம் நடக்கிறதா என்று பெற்றோருக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகத்துக்கும் கைவசம் இருந்த ஒரே பதில் படம். இத்தனை பிள்ளைகள், இத்தனை படங்கள் என்று எண்ணி மேலே அனுப்பினோம். அப்படி எண்ணத் தொடங்கிய பிறகு, படத்தில் பிள்ளை என்ன செய்தது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சார்ட் பேப்பரில் அம்மாவின் கையெழுத்து, அப்பா வெட்டிய தெர்மாகோல், ஓரத்தில் சிரிக்கச் சொல்லி நிறுத்திவைத்த பிள்ளை. கடைகள் மூடிக் கிடந்த வாரங்களில்கூட கலர் பேப்பரும் ஐஸ்கிரீம் குச்சியும் கேட்டு லிஸ்ட் அனுப்பிய பள்ளிகள் உண்டு. மாசு விடுமுறையில் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம்தான். 2024 நவம்பரில் ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன் என்று அறிவிப்பு வந்த அன்றே, பழைய குழுக்கள் அப்படியே உயிர்பெற்றன, பழைய லிஸ்டும்தான்.

இனி பயன் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெங்களூருவில் இருக்கும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து மாநிலங்களில் 1,137 அரசுப் பள்ளிகளில், 2 முதல் 6 வரையிலான வகுப்புகளில் படித்த 16,067 பிள்ளைகளைப் பார்த்தார்கள். முந்தைய வருடம் கைவந்திருந்த மொழித் திறன்களில் ஏதாவது ஒன்றையாவது இழந்திருந்தவர்கள் 92 சதவீதம். கணக்கில் 82 சதவீதம். தில்லி அந்த ஐந்தில் இல்லை. ஆனால் என்னை யோசிக்க வைத்தது சதவீதம் அல்ல, எந்தெந்தத் திறன்களைச் சோதித்தார்கள் என்பதுதான். தெரிந்த சொற்களைப் படிப்பது, படித்ததைப் புரிந்துகொள்வது, படத்தைப் பார்த்து எளிய வாக்கியங்கள் எழுதுவது ஆகியவற்றோடு, ஒரு படத்தையோ தன் அனுபவத்தையோ வாயால் விவரிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

வாயால் விவரிப்பது என்றால் பேசத் தெரிவது அல்ல. ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் நாள் முழுக்கப் பேசும். ஆனால் அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். "அது விழுந்துடுச்சு" என்றால் எது, எங்கே, எப்படி என்று அம்மா கேட்க மாட்டாள். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அங்கே இல்லாத ஒருவருக்கு, முன்னால் நடந்ததை முன்னால் வைத்து, விட்டுப்போனதைச் சேர்த்து, புரியும்படி சொல்வது வேறு வேலை. பிற்பாடு பத்தி எழுதுவதும் கணக்குக்கு வழிமுறை எழுதுவதும் இதிலிருந்துதான் வருகின்றன. பள்ளியில் இது தானாக நடந்துவிடும். திங்கட்கிழமை காலையில் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லும்போது நடக்கும். வீட்டில் அடைபட்டால் முதலில் நின்றுபோவது அதுதான். அந்த இடத்தை ஓரளவாவது நிரப்பக்கூடியது இந்தப் பகிர்வு. அதனால்தான் முழுசாக வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2020-ல் என் வகுப்பில் சூடு பிடித்த பகிர்வுகள் எவை என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றுகூட நாங்கள் கொடுத்த லிஸ்டில் இருந்து வந்ததில்லை. ஏப்ரல் 12, 13 இரண்டு நாளும் அடுத்தடுத்துத் தில்லியில் லேசாக நிலம் ஆடியது. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. புத்தாண்டுப் படம் கேட்டிருந்தோம். வந்ததெல்லாம் ஆடுகிற மின்விசிறி. ஒரு பெண், "வெளியே போகாதே என்கிறார்கள், பூமி ஆடினால் வெளியே ஓடு என்கிறார்கள், ரெண்டும் ஒரே நாளில் வந்தால் யார் சொல்வதைக் கேட்பது?" என்று குரல் பதிவு அனுப்பினாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று சொல்லத் தொடங்கியது. மூன்றாவது மாடிக்காரர்களுக்கு அதிகமாக ஆடியதாகத் தெரிந்ததும், தரைத்தளத்தில் இருந்தவர்கள் ஒன்றுமே உணரவில்லை என்பதும் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்த விஷயம். ஜூன் 27-ல் குருகிராம் வானத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோதும் இப்படித்தான். அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் திடீரென்று நிபுணர்கள் ஆகிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சூரிய கிரகணம். 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. குருக்ஷேத்திரம் பக்கம் வளையமாகத் தெரிந்தது, தில்லியில் நண்பகலை ஒட்டி மெல்லிய பிறை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தரையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஒரு பையன் மொட்டை மாடியில் பாட்டியின் பூந்திக் கரண்டியை வெயிலில் பிடித்திருக்கிறான். தரையில் வரிசை வரிசையாகப் பிறைகள். படத்தைப் போட்டதும் குழுவில் அடுத்தடுத்து வந்த கேள்வி ஒன்றுதான்: ஓட்டை வட்டமாக இருக்கிறது, வெளிச்சம் ஏன் பிறையாக விழுகிறது? வேப்பமரத்து நிழலில் இலை இடுக்கு வழியாகவும் பிறை விழுவதை இன்னொரு பிள்ளை படமெடுத்துப் போட்டது. கோயம்புத்தூரில் இருந்த ஒரு சித்தப்பா, ஆறு மாதத்துக்கு முன்னால் 2019 டிசம்பர் 26-ல் அங்கே தான் பார்த்த வளையத்தைப் பற்றி அண்ணன் மகளுக்குப் போனில் சொல்ல, அதையும் அவள் வந்து சொன்னாள். ஒவ்வொரு ஓட்டையும் சூரியனின் உருவத்தைத்தான் தரையில் விழச் செய்கிறது, மற்ற நாட்களில் நாம் பார்க்கும் வட்டங்களும் சூரியனின் உருவங்களே என்று கடைசியில் நான் விளக்கினேன். ஆனால் அதற்குள் அவர்கள் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார்கள். கோடை விடுமுறை வேறு. யாருக்கும் மதிப்பெண் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, சொன்ன பிள்ளையைவிடக் கேட்ட பிள்ளைகளைத்தான். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லும்போது வேகம் வேறு. ஆசிரியருக்குச் சொல்லும்போது சரியான விடை எது என்று பிள்ளை யோசிக்கும். கூட்டாளிக்குச் சொல்லும்போது, நம்ப வைக்க வேண்டுமே என்று யோசிக்கும். ஆனால் நாற்பது பேர் குழுவில் நாற்பது படம் ஒரே மாலையில் விழுந்தால் எந்தப் பிள்ளையும் எதையும் பார்க்காது. பெரியவர்கள் பார்ப்பார்கள், அதுவும் ஒப்பிட. "அந்தப் பெண் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள் பார்" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து பிள்ளைகள் மட்டும் சொல்லட்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கட்டும் என்று முறை வைத்தால் எட்டு, பத்து நாளில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். ஆசிரியருக்கும் எல்லோருக்கும் ஒரே 'வெரி குட்' ஸ்டிக்கரை ஒட்டாமல், ஒரு வரியாவது உருப்படியாகப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தில்லித் தமிழ் வீடுகளில் இது பெரிய தலைவலி. வகுப்புக் குழுவுக்கு என்றதும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று அம்மா வாக்கியம் எழுதிக் கொடுப்பார், பிள்ளை அதை ஒப்பிக்கும். "டுடே ஐ ஆம் கோயிங் டு ஷோ யூ" என்று ஆரம்பிக்கும் வீடியோக்களில் பிள்ளையின் கண் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் பிள்ளையின் யோசனை எதுவும் இல்லை. முதலில் தமிழில் சொல்லட்டும். ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில், வந்த மாதிரி, இடையில் இந்தி கலந்தாலும் பரவாயில்லை. பாட்டிக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்பது இங்கே பெரிய வசதி. "அதென்னடி?" என்று கேட்பார், பிள்ளை விளக்கியே ஆக வேண்டும். ஒரு முறை தமிழில் முழுசாகச் சொன்ன விஷயத்தை, அப்புறம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்வது பிள்ளைக்குக் கஷ்டமில்லை. விஷயம் கையில் இருக்கிறது, சொற்கள் மட்டும்தான் தேட வேண்டும். 2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கைகூட, முடிந்த இடத்தில் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றில் உங்கள் மகள் படித்தால், தமிழ் ஆசிரியையிடமே அந்தக் குரல் பதிவை அனுப்பலாம். வேறு பள்ளி என்றால் பாட்டி போதும்.

என்ன செய்ய வைப்பது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடைக்குப் போகாமல் செய்ய முடிவது, ஒரே நாளில் முடியாதது, முடிவு என்னவென்று உங்களுக்கே முன்கூட்டித் தெரியாதது. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைக்குச் சொல்வதற்கு விஷயம் கிடைக்கும். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றும் எரிமலையை நான் இப்போதெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை. பொங்கும், கைதட்டுவோம், முடிந்தது.

தில்லி நவம்பருக்கென்றே அமைந்த செயல்பாடு இட்லி மாவு. ஊரில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும் மாவு, இங்கே குளிர் தொடங்கியதும் அசையாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த துயரம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பாதியளவு மாவு. மாவின் மட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட். ஒன்று சமையலறை மேடையில், இன்னொன்று ரஜாய்க்குள் (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) சுற்றி. தூங்கப் போகும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மட்டம் எவ்வளவு ஏறியது என்று ஸ்கேலால் அளந்து எழுதட்டும். ரஜாய்க்குள் இருப்பது ஏன் முந்துகிறது? மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் சூடு கிடைத்தால் சுறுசுறுப்பாக வேலை செய்து கரியமில வாயுவை விடுகின்றன. அந்த வாயு மாவுக்குள் சிக்கிக்கொண்டு மேலே தள்ளுகிறது. இரண்டாம் வகுப்புக்கு அந்தப் பேரெல்லாம் வேண்டாம், "குட்டி உயிர்கள், அவற்றுக்குக் குளிருகிறது" என்றால் போதும். அதே நாளில் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் அத்தை பிள்ளையும் ஒரு தம்ளர் வைக்கட்டும். இரண்டு ஊர் அளவையும் எதிரெதிரே எழுதிப் பார்க்கும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் நாம் எழுதிக் கொடுக்கவே முடியாதவை. ஊறவைத்த பச்சைப்பயறு முளைப்பதையும் இப்படி ஒப்பிடலாம், அதில் காத்திருப்பு கொஞ்சம் அதிகம்.

கோலம் எப்போதும் கைகொடுக்கும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளி, ஒன்று வரை. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று கூட்டி 25 என்பார்கள். எண்ணாமல் வேறு எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு பையன் நோட்டைத் திருப்பிச் சாய்வாகப் பார்த்து 4, 3, 4, 3, 4, 3, 4 என்று எண்ணிக் காட்டினான். நாலு நாலு பதினாறு, மூணு மூணு ஒன்பது. அதை அவன் சொல்லிக் கேட்ட மற்ற பிள்ளைகள் எல்லோரும் நோட்டைத் திருப்பினார்கள்.

மாசு நாளுக்கு மாசையே பாடமாக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. காலையும் மாலையும் எண்ணை எழுதட்டும். கூடவே மூடிய ஜன்னல் வழியாகத் தெரியும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும்: பக்கத்து டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட்டின் தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் தள்ளி மெட்ரோ தூண், அதற்கும் அப்பால் ஏதாவது உயரமான கட்டடம். இன்று எதுவரை தெரிகிறது? ஒரு வாரத்தில் எண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை தானே சொல்லும். பனிமூட்டம் வரும் நாளில் எண் குறைவாக இருந்தும் கட்டடம் தெரியாது. அன்றைக்குத்தான் நல்ல வாக்குவாதம் நடக்கும். இதற்காக பால்கனியில் நிற்க வைக்க வேண்டாம், ஜன்னல் போதும்.

உங்கள் பங்கு போனைப் பிடிப்பது மட்டும். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். வீடியோ என்றால் ஒரு டேக்தான், தடுமாறினால் தடுமாறட்டும், "ம்ம்... அப்புறம்..." என்று யோசிக்கிற இடத்தில்தான் வேலை நடக்கிறது. பேச்சு நின்றுபோனால் "முதல்ல என்ன செஞ்ச?", "நீ நினைச்ச மாதிரி வந்துதா?", "அடுத்த தடவை எதை மாத்துவ?" இப்படி ஒன்றைக் கேளுங்கள், போதும். கேமராவைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்குக் குரல் பதிவு, அல்லது கையும் பொருளும் மட்டும் தெரியும் வீடியோ. என் அனுபவத்தில் முகம் தெரியாதபோது சின்னப் பிள்ளைகள் அதிகமாகவே பேசுகிறார்கள்.

முகம் என்றதும் இன்னொன்று. சீருடையில் பள்ளியின் பெயர், பின்னால் கதவு எண், பிள்ளையின் முழுப்பெயர் மூன்றும் ஒரே படத்தில் இருக்கும்படி போடாதீர்கள். வகுப்புக் குழுவில் நாற்பது வீடுகள் என்றால் குறைந்தது எண்பது பெரியவர்கள்; யார் எதை ஸ்டேட்டஸில் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. பள்ளி தன் முகநூல் பக்கத்தில் போட விரும்பினால் உங்களைக் கேட்டுத்தான் போட வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது. அப்புறம், பிள்ளையையும் கேளுங்கள். "இதைப் போடலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட்போன் இருக்கும் வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். லாக்டவுனில் பல வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரிதான் திரும்பி வரும். தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புரா மதராசி கேம்ப் போன்ற இடங்களில் வீட்டுவேலை செய்த அம்மாக்களுக்கு அந்த மாதங்களில் வேலையே இல்லை. ரீசார்ஜ் என்பது அரிசிக் கணக்கோடு சேர்ந்த கணக்கு. (அந்த கேம்ப்பையே 2025 ஜூன் 1-ல் இடித்துவிட்டார்கள். வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது நரேலாவில். ஜங்புராவிலிருந்து நகரத்தின் மறுகோடி.) தில்லி அரசுப் பள்ளிகளில் வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கே வரவழைத்துத் தாளாகப் பயிற்சித்தாள் கொடுத்தார்கள், அது நல்ல ஏற்பாடு. "மாலை ஐந்து மணிக்குள்" என்று கெடு வைக்கும் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் தினமும் 'செய்யாதவர்கள்' பட்டியலில் வருவார்கள், செய்திருந்தாலும். உங்கள் மகள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். குழுவில் தினமும் பெயர் போட்டு "நாட் சப்மிட்டட்" என்று அறிவிக்கும் வழக்கம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லி நாலு பெற்றோர் சேர்ந்து பேசுங்கள். தனியாகப் பேசினால் எடுபடாது.

மாசு விடுமுறை பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பு நடக்கும் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பிலேயே (பி.டி.எம்.) வகுப்பு ஆசிரியையிடம் பேசிவிடுங்கள், மூடிய பிறகு அவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தினமும் வேண்டாம், வாரம் இரண்டு போதும். படத்துக்குப் பதில் குரல் பதிவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலைவரை அவகாசம். கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் கூடாது. இதைச் சண்டையாகக் கேட்காமல், "உங்களுக்கும் நாற்பது படம் பார்க்கிற வேலை மிச்சம், மேம்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் உடனே தலையாட்டுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கேட்பது அவர்கள் அல்ல, அவர்களுக்கு மேலே இருப்பவர்கள். மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை, தினமும் படம் வந்தே ஆக வேண்டும் என்றால், மாவுத் தம்ளரை ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, கதை முழுவதையும் பாட்டிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.